காலனுக்கு இருபத்து நாலு

லியாண்டர் வெட்டருக்கு நியூ காண்டல் ஊரில் ஒரு நண்பர்கூடக் கிடையாது என்று சொன்னால் அது பொய். நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும் அவரை எப்படிச் சகித்துக்கொண்டார்கள் என்பதுதான் ஊருக்குப் புரியாத விஷயம்.

அப்பாவுக்கு மூன்றாவது பிள்ளை. நிலமெல்லாம் மூத்தவர்கள் இருவருக்கும் போய்விட்டதால் இருபத்திரண்டு வயதில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் ரீடிங் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். முப்பத்து மூன்று வருஷம் அந்த வேலைதான். நாய்கள் குரைக்கும், பனி முழங்காலுக்கு நிற்கும், மனிதர் பண்ணை பண்ணையாக ஏறி இறங்குவார். மற்றவர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் கதவைத் தட்டுவார். "போன மாசத்தைவிட நூத்தம்பது யூனிட் ஜாஸ்தி. கொட்டகையில யாரு லைட்டை அணைக்கிறதில்ல?" என்று கேட்பார். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று யாராவது முனகினால் தொலைந்தார்கள். "மீட்டர் பொய் சொல்லாது. பொய் சொல்றதுக்கு அதுக்கு வாய் இல்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாளே சோதனைக் கருவியோடு வந்து நிற்பார். ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பாகவில்லை. தப்பாகியிருந்தால் ஊருக்கும் அவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

பிறகு ஆபீசில் உட்கார்ந்தபடியே ரீடிங் எடுக்கும் மீட்டர்கள் வந்தன. சங்கம் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. எண்ணைப் பார்த்தே வாழ்ந்த மனிதருக்குப் பார்ப்பதற்கு எண் இல்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மீட்டர். அது அவருடைய பிக்கப்பில் இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷத்து டாட்ஜ் டீசல். கம்ப்யூட்டர் தொந்தரவு எதுவுமில்லாத பழைய இரும்பு இன்ஜின். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். அதன் மைலேஜை ஏற்றுவதுதான் அன்றிலிருந்து லியாண்டரின் பிழைப்பு. ஐம்பத்தைந்துக்கு மேல் போக மாட்டார், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. இறக்கத்தில் காலை எடுத்துவிடுவார். ஏ.சி. பெல்ட்டைக் கழற்றி எறிந்தார். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க எல்லோரும் பின்னால் மணல் மூட்டை போட்டுக்கொள்வார்கள், இவர் போடவில்லை. எடை குறையட்டும் என்று ஜாக்கியையும் ஸ்டெப்னியையும்கூட இறக்கி வைத்தார்.

அடுத்து வந்த ஜனவரியில் அவர் மனைவி ஆர்டெல்லா தன் அக்காவைப் பார்த்துவிட்டு அந்த வண்டியில் தனியாகத் திரும்பும்போது டயர் வெடித்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துருப்பிடித்த சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பால் லாரிக்காரன் பார்த்து ஏற்றிக்கொண்டு வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்குள் வந்தவள் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு விரல் மரத்துப் போச்சு. உங்க ஸ்டெப்னி எங்க?"

"அது எழுபது பவுண்டு. அதைத் தூக்கிட்டு அலைஞ்சா காலனுக்குக் கால் மைல் குறைஞ்சிடும்."

"கால் மைல்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் ஏறவே இல்லை. அந்த இரண்டு விரல் நுனியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெளுத்துப்போகும். அப்போதெல்லாம் அவர் கண்ணில் படுகிற மாதிரி கையை மேஜைமேல் வைத்துக்கொள்வாள்.

இத்தனையும் செய்து அவருக்குக் கிடைத்தது காலனுக்கு இருபத்தொன்று முக்கால் மைல். பழைய டீசலுக்கு அதுவே அதிகம். மனிதர் அதோடு நின்றிருக்கலாம்.

இரண்டாயிரத்து எட்டில் டீசல் விலை எகிறியது. எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது லியாண்டர் ஒரு பண்ணை ஏலத்தில் நாலு டயர்களைப் பிடித்தார். வண்டியில் இருந்ததைவிடக் குட்டையானவை, மெலிந்தவை. டயர் சின்னதாக இருந்தால் எடை குறைவு, வண்டி தாழ்ந்து நிற்கும், காற்று மோதாது என்பது அவருடைய கணக்கு. மாட்டினார். டாங்க் நிரப்பி ஓட்டினார். இருபத்து நாலு. மறுபடி நிரப்பி ஓட்டினார். மறுபடியும் இருபத்து நாலு. அன்று இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை என்று ஆர்டெல்லா சொன்னாள், சந்தோஷமாகச் சொல்லவில்லை.

விவசாயக் கூட்டுறவு பெட்ரோல் பங்குக்குள் காபி குடிப்பதற்கென்று ஒரு மேஜை உண்டு. காலை ஒன்பதரைக்கு அங்கே கூடுவார்கள். ஆர்டெல்லாவின் அண்ணன் வெண்டலின், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கிளெமென்ஸ், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்ட ஃபைஸ்ட் சகோதரர்கள் இருவர், பிறகு லியாண்டர். மற்ற நாலு பேருக்கும் வேறு போக்கிடம் உண்டு. லியாண்டருக்கு அந்த நாற்காலி ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த வசந்தகாலம் முழுக்க மேஜையில் வேறு பேச்சே நடக்கவில்லை. மழை பற்றிப் பேசினால் இருபத்து நாலு. சாவு வீட்டைப் பற்றிப் பேசினால், சவ ஊர்தி எத்தனை கொடுக்கும் என்று ஆரம்பித்து இருபத்து நாலில் வந்து நிற்கும். வெண்டலின் அதற்கு முந்தின வருஷம்தான் புதுப் பிக்கப் வாங்கியிருந்தார். அது பதினைந்துக்கு மேல் தரவில்லை. லியாண்டர் அதை ஒரு நாளும் விடவில்லை.

"புகைக்கு வடிகட்டி போடுறேன்னு இன்ஜின் மூக்கை அடைச்சு வச்சிருக்கான். அதைப் போய் அம்பதாயிரம் குடுத்து வாங்கியிருக்க. உன்னைச் சொல்லணும் மச்சான்."

"என் வண்டி மாட்டு டிரெய்லரை இழுக்குது. உன் வண்டி உன்னை மட்டும்தான் இழுக்குது. அதுவே பெரும்பாடு" என்றார் வெண்டலின்.

"இருபத்து நாலு குடுக்குது."

"குடுக்காது."

"மீட்டர் சொல்லுது."

வெண்டலின் கோப்பையை வைத்தார். முப்பத்து நாலு வருஷம் மாட்டு லாரி ஓட்டிய மனிதர், சாதாரணமாகக் குரல் உயர்த்த மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. "மீட்டர் என்ன சொல்லும். பங்க்ல ஆறு காலன் போட்டுட்டு, யாரோட வயல் டாங்க்லயோ ரெண்டு காலன் சிவப்பு போட்டா, எல்லாருக்கும்தான் இருபத்து நாலு குடுக்கும்" என்றார்.

வயலுக்கு என்று வரியில்லாமல் வருகிற டீசலில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். அதை ரோட்டு வண்டியில் ஊற்றினால் அபராதம். அடுத்தவன் டாங்கிலிருந்து எடுத்து ஊற்றினால் அதற்குப் பேர் வேறு. காபி ஊற்ற வந்த டார்லீன் ஜாடியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

லியாண்டர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "என்னைத் திருடன்னு சொல்றியா?"

"பொய்யன்னு சொல்றேன். திருடனா இருந்தா உனக்குக் கொஞ்சம் மரியாதை குடுப்பேன்."

"சரி. நீயே டாங்கை நிரப்பு. கிளெமென்ஸ் பக்கத்துல உக்காரட்டும். நூறு மைலுக்கு மேல ஓட்டிட்டு வர்றேன். நீயே திரும்ப நிரப்பு. தோத்தவன் இந்த மேஜைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. சாகிற வரைக்கும்."

ஃபைஸ்ட் சகோதரர்களில் மூத்தவர், "இதெல்லாம் எதுக்குப்பா" என்று இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது. டீசல் நுரைக்கும். முதல் தடவை குழாய் தானாக நின்றதும் டாங்க் நிறைந்துவிட்டது என்று நினைப்பவன் மைலேஜ் பற்றிப் பேசத் தகுதி இல்லாதவன். வெண்டலின் கொஞ்சம் ஊற்றுவார், டாங்கின் பக்கத்தில் குத்துவார், நுரை அடங்கும்வரை நிற்பார், மறுபடி ஊற்றுவார். கழுத்து விளிம்பில் டீசல் தளும்பி நிற்க இருபது நிமிஷம் ஆயிற்று. கிளெமென்ஸ் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தார். கிழக்கே நேப்போலியன் என்ற ஊருக்குப் போய், வடக்கே ஏறி, பிஸ்மார்க்கைத் தொட்டு, ஆற்றோரச் சாலையில் திரும்பினார்கள். ஜன்னலைத் திறக்கக்கூட லியாண்டர் விடவில்லை. கிளெமென்ஸ் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்.

"நூத்தி அம்பத்தெட்டு புள்ளி நாலு" என்று படித்தார் கிளெமென்ஸ்.

வெண்டலின் மறுபடியும் அதே பொறுமையோடு நிரப்பினார். ஆறு புள்ளி ஆறு காலன் ஏறியது. டார்லீன் கால்குலேட்டரைக் கொண்டுவந்தாள். இருபத்து நாலு, ஒரு நூல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

எல்லோரும் சண்டையை எதிர்பார்த்தார்கள். வெண்டலின் குழாயை மாட்டினார், கையைத் துடைத்துக்கொண்டார், "சரி. நீ ஜெயிச்சுட்ட" என்றார். தன் புது வண்டியில் ஏறிப் போய்விட்டார். லியாண்டருக்கு அது போதவில்லை. அவர் மன்னிப்பை எதிர்பார்த்தார், முகம் கறுப்பதை எதிர்பார்த்தார். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாதிரியாரிடம்கூட, பூசை முடிந்து கைகுலுக்கும் வரிசையில் நின்றபடியே சொன்னார்.

வெண்டலின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேஜைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் மாவுருண்டை போட்ட நெப்லா சூப்புக்கு ஆர்டெல்லாவை மட்டும் கூப்பிட்டார்கள். அவளும் தயங்காமல் போனாள். ஜூலையில் கிளெமென்ஸ் முழங்கால் வலி என்றார். ஃபைஸ்ட் சகோதரர்களுக்கு அறுவடை வந்துவிட்டதாம், குத்தகைக்கு விட்ட நிலத்தில் இவர்களுக்கு என்ன அறுவடை என்று லியாண்டர் கேட்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் அவர் ஒருவர்தான் அந்த மேஜையில் இருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று யாரிடம் சொல்வது. டார்லீனிடம் சொன்னார். அவள் "ம்" என்றாள், தரையைத் துடைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. ஊர் எல்லையில், வருகிற வண்டியின் வேகத்தைக் காட்டும் பலகை ஒன்றை ஷெரீப் ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லியாண்டர் முள் ஐம்பத்தைந்தில் நிற்க வந்தார். பலகை ஐம்பது என்றது. அவருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் போய் மறுபடி வந்தார். ஐம்பது. நேரே ஷெரீப் ஆபீசுக்குப் போய் அங்கிருந்த இளைஞனைப் பிடித்தார்.

"உங்க பலகை தப்பு. ஜனங்க வரிப்பணத்துல பொய் சொல்ற பலகை வாங்கியிருக்கீங்க."

"எல்லா வண்டிக்கும் சரியாத்தானே காட்டுது சார்."

"அப்ப எல்லா வண்டியும் தப்பு. நாளைக்கு நிரூபிக்கிறேன்."

அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. எங்கள் பக்கத்தில் நிலத்தை மைலுக்கு ஒரு கோடாகக் கிழித்திருக்கிறார்கள், கோட்டுக்குக் கோடு மண்சாலை. யாரும் மீட்டரைப் பார்த்து வழி சொல்வதில்லை, குறுக்குச் சாலையை எண்ணித்தான் சொல்வோம். மறுநாள் காலை லியாண்டர் கல்லறை முனையில் மீட்டரைப் பூஜ்யமாக்கிக் கிழக்கே ஓட்டினார். பத்தாவது குறுக்குச் சாலையில் நிறுத்திப் பார்த்தார்.

பதினொன்று.

நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அளந்தவன் குடித்துவிட்டு அளந்திருப்பான் என்று நினைத்தார். வடக்கே திரும்பிப் பத்து மைல் ஓட்டினார். பதினொன்று. அளந்தவன் இரண்டு திசையிலும் ஒரே அளவு குடித்திருக்க முடியாது. இறங்கி முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். குட்டை டயர். ஒரு மைல் போக அதிகம் சுற்ற வேண்டிய டயர். சுற்றுகிற ஒவ்வொரு சுற்றையும் பெரிய டயர் சுற்றியதாக எண்ணிக்கொண்டிருந்த மீட்டர்.

பொய் சொல்ல வாய் இல்லாத மீட்டருக்குத் தானே வாய் வைத்துக்கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து ஆர்டெல்லாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டுபோய் டயரை அளந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஓடியது நூற்று நாற்பத்து நாலு மைல்தான். காலனுக்கு இருபத்தொன்று புள்ளி எட்டு. டயர் மாற்றுவதற்கு முன்னால் என்ன கொடுத்ததோ, அதேதான். மனிதர் ஒரு மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது, சந்தோஷம் மாதிரி ஒன்று. தோற்றது தான்தான் என்றால், வெண்டலின் திரும்பி வரலாம். அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். தான் ஒரு வாரமோ ஒரு மாதமோ தள்ளி இருந்தால், பிறகு யாராவது, விடுப்பா, வந்து உட்கார் என்று சொல்லாமலா போவார்கள்?

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தொப்பியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் ஆர்டெல்லா.

"உங்க அண்ணன் வீட்டுக்கு. நான் தப்பா சொல்லிட்டேன். அது இருபத்து நாலு இல்ல."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. ஆனால் அவள் முகத்தில் வந்தது ஆச்சரியம் இல்லை, கலவரம். "இப்ப போகாதீங்க. போன்ல சொல்லிடுங்க."

"இதைப் போன்லயா சொல்றது?"

"சாயந்தரம் போங்க. சொன்னா கேளுங்க."

அவர் எப்போது கேட்டார். பன்னிரண்டு குறுக்குச் சாலை தாண்டி வெண்டலினின் பண்ணைக்குள் திரும்பியபோது, ஷெட்டுக்கு முன்னால் கிளெமென்ஸின் கார் நின்றது. அதன் பக்கத்தில் ஃபைஸ்ட் சகோதரர்களின் வண்டி. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவருடைய இன்ஜின் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும், அது பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றது.

ஷெட்டுக்குள் ஒரு பழைய கதவை இரண்டு பீப்பாய்மேல் போட்டு மேஜையாக்கியிருந்தார்கள். நாலு நாற்காலி. காபி மெஷின். நடுவில் ஒரு தட்டில் பாதி தின்ற பிளம் கேக். சர்ச் விருந்துக்குக் கொண்டுபோகிற பாத்திரம் மாறிவிடக் கூடாதென்று எங்கள் பெண்கள் அதில் பேர் எழுதிய டேப் ஒட்டுவார்கள். அந்தத் தட்டின் ஓரத்தில் 'ஆ. வெட்டர்' என்று ஒட்டியிருந்தது. கோடை முழுக்க வாரம் ஒரு கேக், சர்ச்சுக்கு என்று சொல்லித்தான் ஆர்டெல்லா கொண்டுபோனாள்.

கிளெமென்ஸ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

லியாண்டர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததையே சொன்னார். "மச்சான், நான் தோத்துட்டேன். டயர் சின்னது. மீட்டர் பத்துல ஒண்ணு கூட்டிக் காட்டுது. இருபத்தொண்ணு புள்ளி எட்டுதான். நீ சொன்னதுதான் சரி."

"தெரியும்" என்றார் வெண்டலின்.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. கிளெமென்ஸ் நம்பரைப் படிச்சானே, அப்பவே. அந்த ரோட்ல முப்பத்து நாலு வருஷம் மாடு ஏத்தியிருக்கேன். நூத்தி நாப்பத்து நாலு மைலுக்கு மேல ஒரு அடி கிடையாது."

"அப்ப ஏன் சொல்லல? நீ ஜெயிச்சிருப்பியே."

"ஜெயிச்சு?" என்றார் வெண்டலின். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் லியாண்டருக்குத் தாங்கவில்லை. "அங்க நான் உக்காந்திருப்பேன். நீ ரெண்டே நாள்ல ஏதாவது ஒரு தாளைத் தூக்கிட்டுத் திரும்பி வருவ. உன்னை எந்தப் பந்தயமும் வெளிய வைக்காது மச்சான். அதான் நான் வெளிய வந்தேன். என் தங்கச்சி விரலைப் பார்க்கும்போதெல்லாம் உன்கூட ஒரே மேஜையில காபி குடிக்கிறது தொண்டையில இறங்கல. எனக்கு ஒரு காரணம் வேணும்னு இருந்தது. நீயே குடுத்த."

லியாண்டர் ஃபைஸ்ட் சகோதரர்களைப் பார்த்தார். மூத்தவர் கோப்பைக்குள் பார்த்தார், இளையவர் வாசலைப் பார்த்தார்.

"தோத்தவன் நான்தானே. நீங்க எல்லாரும் பங்குக்குத் திரும்பிப் போகலாம். நான் வர மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"வேணாம்" என்றார் வெண்டலின். கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கத்தியால் ஒரு துண்டு வெட்டி, கிளெமென்ஸின் தட்டில் வைத்தார். "நீ ஜெயிச்சவனாவே இரு. இருபத்து நாலு குடுக்குதுன்னு யார் கேட்டாலும் நான் சொல்றேன். நீ போய் அங்கயே உக்காந்துக்க."